அப்பா மடத்துக்குக் கொடுத்த காடு

வெள்ளிக்கிழமை காலை 10.45, திருச்சி

எங்கள் ஊரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்கு பஸ்ஸில் மூன்று மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் நாலே கால் மணி நேரம். அவ்வளவு பக்கத்தில்தான் அக்கா இருந்திருக்கிறாள். ஆறு வருஷத்தில் இரண்டு தடவைதான் வந்தாள்.

சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க நான் போகவில்லை. ஆறு நோட்டுகளை வாங்கிக்கொண்டு வரப் போனேன்.

என் பெயர் லில்லி. எட்டாவது வரை படித்தேன். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். அக்கா அமலி என்னைவிட ஒன்பது வயது பெரியவள். சிங்கப்பூரில் ரீட்டா மேம் என்ற கண் தெரியாத அம்மா வீட்டில் வேலை பார்த்தாள். போன ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் சமையலறையில் விழுந்தாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் பெட்டியில் வந்தாள். பிறகு அவளுடைய இரண்டு சூட்கேஸ்களும் வந்தன. துணி, மாத்திரை, செபமாலை எல்லாம் இருந்தன. அவள் அடிக்கடி போனில் சொன்ன நோட்டுகள் மட்டும் இல்லை.

அவள் அனுப்பிய குரல் செய்திகளெல்லாம் என் பழைய போனோடு போய்விட்டன. இப்போது அவள் குரல் என்னிடம் ஒரு நிமிஷம்கூட இல்லை. கையெழுத்தாவது இருக்கட்டும் என்று ரீட்டா மேமுக்கு போன் போட்டேன். "நோட்டு என்கிட்டதான் இருக்கு. நீ நேர்ல வா, பேசிக்கலாம்" என்று டிக்கெட் அனுப்பினார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "அவ கை பட்டது. எப்படியாச்சும் கொண்டாந்துடு" என்றுதான் அனுப்பிவைத்தாள்.

மாலை 5.30, சாங்கி

நம் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். போகிறவர்கள் வருகை விவரத்தை ஊரிலேயே போனில் நிரப்பிக்கொள்ளுங்கள். வரிசை சீக்கிரம் நகர்கிறது. ரயில் அட்டை பத்து வெள்ளி. இங்கே டாலரை வெள்ளி என்கிறார்கள். அதில் ஐந்து அட்டைக்கே போய்விடும். சாங்கியிலிருந்து இரண்டாவது ஸ்டேஷனான தானா மேராவில் மாறி, அங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன் பாசிர் ரிஸ். அதுதான் கடைசி, அதனால் தவறவிட முடியாது.

எதிரில் நீலச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். என் பையைப் பார்த்து, "புதுசாம்மா?" என்றார்.

"ஆமாண்ணே. அக்கா வேலை பாத்த வீட்டுக்குப் போறேன்."

"நான் மன்னார்குடிப் பக்கம். கார்கோல வேலை. பதினாறு வருஷம் ஆச்சு."

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது. "அண்ணே, ஆளைப் பெட்டியில வெச்சு அனுப்புவாங்கள்ல, அது உங்க பக்கமாத்தான் போகுமா?"

சிமெய் ஸ்டேஷன் வந்து கதவு திறந்து மூடியது.

"போகும்மா. எப்போ?"

"ஆகஸ்ட்டுல."

"அந்தப் பெட்டி வந்தா நாங்க தொப்பியக் கழட்டிருவோம். யாரும் சொல்லிக் குடுக்கல, அதுவா வந்த பழக்கம். ஆகஸ்ட்டுல நான் எந்த ஷிப்ட்டுன்னு ஞாபகம் இல்ல. இருந்திருந்தா கழட்டியிருப்பேன்."

தெம்பனிஸில் இறங்கும்போது பையிலிருந்து ஒரு பொட்டலம் கடலை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

மாலை 6.50, பாசிர் ரிஸ்

அடுக்குமாடி வீடுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் போக வேண்டும். ஒன்பதாவது மாடி. ரீட்டா மேமே கதவைத் திறந்தார்கள். அறுபது வயது இருக்காது. குட்டை முடி, அரைக்கால் சட்டை. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்; இந்த ஊர் வழக்கப்படி பேச்சு முடிவில் 'லா' போடுகிறவர். காலேஜில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவர். எட்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டன.

"வந்துட்டியா? போன்ல கேட்டப்பவே நினைச்சேன், உன் குரல் அமலி மாதிரி இல்ல. கொஞ்சம் கோவக்காரக் குரல்."

"அக்காவும் கோவக்காரிதான் மேம். உங்ககிட்ட காட்டியிருக்க மாட்டா."

"அப்படியா? ஒரு நாள் எனக்கு உப்பே இல்லாம சமைச்சுப் போட்டா லா. அதுக்கு முதல் நாள் நான் அவளைத் திட்டினேன். இப்பத்தான் புரியுது."

இருவரும் சிரித்தோம். உள்ளே மேசை மேல் ஆறு நோட்டுகளும் ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதுகிற நீல அட்டை நோட்டுகள். கை நீட்டினால் எட்டும். நான் நீட்டவில்லை. மேம் தன் கையை அவற்றின் மேல் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள்.

தினமும் மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை மேம் சொல்லச் சொல்ல அக்கா எழுதியிருக்கிறாள். சிஸ்டர்சியன் என்று ஒரு துறவிக் கூட்டம். பிரான்ஸ் தேசத்தில் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் தொடங்கியவர்கள். அவர்கள் மடங்களுக்கு நிலம் எப்படிச் சேர்ந்தது, அந்த நிலத்தை எப்படிக் கட்டி ஆண்டார்கள் என்பதுதான் மேம் இளவயதில் வெளிநாடு போய்ப் படித்த படிப்பு. அதைத் தமிழில் புத்தகமாக்க வேண்டும் என்பது ஆசை. ஒரே ஒரு அத்தியாயம் பாக்கி. இப்போது வீட்டில் இருக்கும் பர்மாக்காரப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது.

"அக்கா கையெழுத்து எனக்கு வேணும் மேம். அதுக்குத்தான் வந்தேன்" என்றேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"தெரியும் லா. அதான் தபால்ல அனுப்பாம உன்னை வரச் சொன்னேன்."

"காப்பி எடுத்துக்கலாமே மேம்."

"எடுக்கலாம். காப்பி யாருக்கு, நோட்டு யாருக்கு? அதுதான பேச்சு." வறுத்த நூடுல்ஸ் இருந்த தட்டை என் பக்கம் தள்ளினார்கள். "முதல்ல மீ கோரெங் சாப்பிடு. நாளைக்கு எனக்குப் படிச்சுக் காட்டு. அவ என்ன எழுதினான்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்ல."

சனிக்கிழமை காலை 9 மணி

எனக்கு வேகமாகப் படிக்க வராது. மேம் அவசரப்படுத்தவில்லை. முதல் நோட்டிலிருந்து கொஞ்சம், இரண்டாவதிலிருந்து கொஞ்சம் என்று படித்தேன். அக்காவின் கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். 'ழ' எழுதினால் வால் அடுத்த வரி வரைக்கும் போகும். சில ஓரங்களில் "2.30 மாத்திரை", "மீன் வெளியே எடுத்து வை" என்றும் எழுதி வைத்திருந்தாள். அதையும் சேர்த்தே படித்தேன்.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். இந்தத் துறவிகள் ஊரிலிருந்து தள்ளி, காடும் சதுப்பும் உள்ள இடமாகப் பார்த்து மடம் கட்டினார்கள். வாடகை வேண்டாம், குத்தகை வேண்டாம், எங்கள் கையால் உழுது சாப்பிடுவோம் என்பது விதி. ஆனால் கோயிலில் செபம் சொல்வதற்கே நாள் பாதி போய்விடும். அதனால் வேலைச் சகோதரர்கள் என்று இன்னொரு கூட்டத்தை வைத்துக்கொண்டார்கள். அவர்களும் துறவிகள்தான். ஆனால் தூரத்துப் பண்ணைகளில் தங்கி உழுவார்கள், ஆடு மேய்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மடத்துக்கு வந்து போவார்கள். அவர்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளக் கூடாது என்று சட்டமே இருந்திருக்கிறது.

"அந்தப் பக்கம் வந்தப்போ அமலி பேனாவைக் கீழ வெச்சுட்டா" என்றார்கள் மேம். "'படிக்கவே கூடாதா மேம்?'னு கேட்டா. கூடாதுன்னேன். அன்னிக்கு அதுக்கு மேல எழுதல. எழுந்து போய் துணி மடிச்சா."

நிலம் மொத்தமாகக் கிடைத்துவிடவில்லை. ஒருவர் ஒரு வயல் கொடுப்பார், பக்கத்து வயல் வேறு ஆளுடையதாக இருக்கும். துறவிகள் வருஷக்கணக்கில் காத்திருந்து, மாற்றிக்கொண்டு, சிலதை விலைக்கு வாங்கி, துண்டு துண்டாக ஒட்டித்தான் ஒரே பண்ணையாக ஆக்கியிருக்கிறார்கள். நடுவில் குடியிருப்பு இருந்தால் சில இடங்களில் அந்த ஆட்களையும் கிளப்பிவிட்டார்களாம். தனிமை வேண்டும் என்று.

"எங்க ஊர்லயும் பெரிய ஆளுங்க அப்படித்தான் மேம் சேத்தாங்க. தனிமைக்கு இல்ல, செங்கல் சூளைக்கு."

"இதையேதான் அவளும் சொன்னா லா!"

நாலாவது நோட்டில் சொந்தக்காரர்களின் சம்மதம் பற்றி வந்தது. ஒருவர் மடத்துக்கு நிலம் கொடுத்தால் அவர் கொடுத்தது மட்டும் போதாது. மனைவி, பிள்ளை, அண்ணன், தங்கை எல்லாரும் சம்மதம் சொல்ல வேண்டும். சின்னக் குழந்தைகூட. இல்லையென்றால் பின்னால் வந்து எங்கள் நிலம் என்பார்கள். சம்மதம் சொன்ன ஒவ்வொருவருக்கும் மடம் ஏதாவது கொடுக்கும். ஒருவருக்கு மாடு, ஒருவருக்குக் காசு, குழந்தைக்குச் செருப்பு. அவர்கள் பெயரையும், வாங்கியதையும் பத்திரத்தில் எழுதிவிடுவார்கள்.

அடுத்த பக்கம் ஒரு பத்திரத்தின் மாதிரி. படித்தேன்.

"'சவரிமுத்து என்பவர், தன் மனைவி ஆரோக்கியத்தின் சம்மதத்தோடு, தன் காட்டையும் அதை ஒட்டிய மேய்ச்சல் நிலத்தையும் மடத்துக்குக் கொடுத்தார். அடையாளமாகப் பீடத்தின் மேல் ஒரு மண்கட்டியை வைத்தார். மூத்த மகள் அமலி சம்மதித்தாள். இளைய மகள் லில்லி...'"

அந்த வரியிலேயே விரலை வைத்து நிறுத்தினேன்.

"சவரிமுத்தா?" மேம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "பிரான்ஸ்ல ஏது லா சவரிமுத்து?"

"எங்கப்பா மேம்."

மேம் மெதுவாகச் சொன்னார்கள். "ஐயோ. நான்தான் சொன்னேன். தொடங்கின மாசம். அந்த ஊர்ப் பேரெல்லாம் எழுத ரொம்ப நேரம் ஆச்சு. 'பேருக்கு நிக்காத, உனக்குத் தெரிஞ்ச பேரு எதாச்சும் போட்டுட்டுப் போ, அப்புறம் மாத்திக்கலாம்'னேன். அதோட மறந்தே போச்சு."

அக்கா மறக்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஆறு நோட்டிலும் எங்கள் ஊர்தான். மளிகைக்கடை அந்தோணி ஒரு ஆற்றையும் அதில் மீன் பிடிக்கும் உரிமையையும் கொடுத்திருந்தார். கடன் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் அவர். கறிக்கடை பீட்டர் இருநூறு ஆடு மேய்க்கும் மலையைக் கொடுத்திருந்தார். அப்பா வாடகைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. வீடு நிற்கிற இடம்கூடப் புறம்போக்கு. அந்த அப்பாவுக்கு அக்கா ஒரு காடே கொடுத்து, அதைத் தானமும் செய்ய வைத்திருக்கிறாள்.

மேம் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்தார்கள். "என் ரிசர்ச்ல உங்கப்பா காடு குடுத்துருக்காரு! சரி, லில்லி என்ன செஞ்சா? படி."

"'இளைய மகள் லில்லி சின்னப் பெண். அவள் சம்மதத்துக்காக ஒரு ஜோடி செருப்பு கொடுக்கப்பட்டது.'"

மேம் கையை நீட்டினார்கள். நோட்டைக் கொடுத்தேன். அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரல் நுனியால் மேலிருந்து கீழ் வரை தடவினார்கள்.

"இந்தப் பக்கத்துல ரொம்ப அழுத்தி எழுதியிருக்கா. எனக்கு முன்னாடியே தெரியும், ஏன்னுதான் தெரியாது."

"எப்படி மேம் தெரியும்?"

"தினமும் ரெண்டு மணிக்கு எடுத்துத் தடவிப் பாப்பேன். என்ன எழுத்துன்னா தெரியாது. பால்பாயிண்ட் அழுத்தினது மட்டும் கைக்குத் தெரியும். எங்க வேகமா எழுதினா, எங்க நின்னா, எல்லாம்."

அக்காவோடு நான் ஒரு வீட்டில் இருந்தது பதினாறு வயது வரை. கடைசி ஆறு வருஷம் அவள் இருந்தது இவர்களோடு. அது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை.

சனிக்கிழமை மதியம் 2 மணி, லிட்டில் இந்தியா

பாசிர் ரிஸிலிருந்து பூகிஸ் வந்து, வேறு தடத்தில் மாறி இரண்டாவது ஸ்டேஷன். ஏறக்குறைய முக்கால் மணி நேரம், இரண்டு வெள்ளிக்குள். மேம் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நோட்டுகள் என் பையில். தேக்கா மார்க்கெட் பக்கம் வெளியே வந்தால் மல்லிகைப் பூவும் மீனும் சேர்ந்து மணக்கிறது. சனிக்கிழமையானதால் நடைபாதை முழுக்க நம் ஆட்கள். வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, தெருவைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

டன்லப் ஸ்ட்ரீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு நகல் கடை. பக்கத்துக்குப் பத்து காசு, நோட்டாக இருந்தால் எண்பது பக்கத்துக்கு மேல் எட்டு காசு. கடைக்காரர் காரைக்குடிக்காரர்.

"ஏம்மா, பரிட்சையா?"

"இல்லண்ணே, நிலப் பத்திரம்."

அவர் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். "காடு, மேய்ச்சல்... சவரிமுத்து யாரு, ஜமீனா?"

"எங்கப்பா. எல்லாத்தையும் தானம் பண்ணிட்டாரு."

"அதான் பொண்ணு இங்க வந்து நிக்குது."

மேம் சத்தமாகச் சிரித்தார்கள். நானும்தான்.

முடிந்த தாள்கள் சூடாக வந்து விழுந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்தேன். அக்காவின் 'ழ', அதன் நீண்ட வால், ஓரத்தில் மாத்திரை நேரம், எல்லாம் இருந்தன. ஒன்றும் குறையவில்லை. திருப்பி, மேம் செய்ததுபோல் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. ஒரு இடத்தில்கூட அவள் இல்லை.

கண் இருக்கிற எனக்கு இது போதும். மேமுக்கு இது வெறும் தாள்.

கடையில் இருக்கும்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பின்வாங்க முடியாது. தேக்கா சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒன்று அறுபதுக்கு ஒரு தே தாரிக், நுரை வர ஆற்றிய பால் டீ, வாங்கி, அது ஆறிய பிறகுதான் சொன்னேன்.

"நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும் மேம். நான் காப்பி எடுத்துக்கறேன்."

மேம் டம்ளரை மேசையில் வைத்தார்கள். "யோசிச்சு சொல்லு லா. அப்புறம் வந்து கேட்டா தரமாட்டேன். புத்தகம் வரும்போது பேரெல்லாம் மாத்திருவேன். ஹிஸ்டரில உங்கப்பா காடு குடுக்க முடியாது. அவ எழுதின மாதிரி அந்த நோட்டுல மட்டும்தான் இருக்கும்."

"தெரியும் மேம்."

"உங்கம்மா?"

"அம்மாவுக்கு நான் சொல்லிக்கறேன்." எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"சரி, சும்மா வாங்கக் கூடாது. உன் கால் சைஸ் என்ன?"

"ஏழு."

"ஏழா? அமலி எப்பவும் அஞ்சுன்னுதான சொல்லுவா."

முதல் வருஷம் அக்கா அனுப்பிய செருப்பு ஐந்து. காலில் ஏறவில்லை. அழகாக இருக்கிறது, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு நான் வளரவே இல்லை.

ஏழாம் நம்பர் செருப்பு பதினெட்டு வெள்ளி தொண்ணூறு காசு. பழுப்பு நிறம். சிராங்கூன் ரோட்டில் வாங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை மாலை 5.30, பாசிர் ரிஸ் கடற்கரை

வீட்டிலிருந்து கடற்கரை நடக்கிற தூரம்தான். அக்காவுக்கு ஞாயிறு விடுமுறை. பூசை முடிந்து இங்கே வந்து உட்கார்ந்துதான் எனக்கு போன் பண்ணுவாளாம். மேம் சொன்ன இடத்தில், தண்ணீரைப் பார்த்த ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். போனில் அவள் பேசும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "ஃபேனை நிறுத்திட்டுப் பேசுக்கா" என்று எத்தனையோ தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். அவள் "சரி சரி" என்பாள். கடல் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நீ மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நான் சண்டை போட்டிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

இருட்டும் வரை அங்கேயே இருந்தேன்.

திங்கட்கிழமை, திரும்பும் விமானம்

வீட்டு வாசலில் மேம் என் முகத்தைத் தொடவில்லை. புதுச் செருப்பைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள். "பெரிய கால்தான்" என்றார்கள். கதவு மூடிய பிறகு லிப்ட் வரும் வரை காத்திருந்தேன். உள்ளே நாற்காலியை மேசைப் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்டது. மணி ரெண்டு.

ஊரில் கேட்பார்கள், சிங்கப்பூர் எப்படி இருந்தது என்று. சுத்தமாக இருக்கிறது, ரயில் நேரத்துக்கு வருகிறது, தண்ணீர் குழாயிலேயே குடிக்கலாம், எல்லாம் சொல்வேன். அந்த ஊரில் ஒன்பதாவது மாடியில் அப்பாவுக்கு ஒரு காடு இருக்கிறது என்றும் சொல்வேன். அப்பா சிரிப்பார்.

விமானத்தில் காப்பித் தாள்களை மடியில் வைத்து நாலாவது நோட்டின் மிச்சத்தைப் படித்தேன். சம்மதம் சொல்லி, பரிசும் வாங்கிக்கொண்டுபோன தம்பிகளும் தங்கைகளும் பல வருஷம் கழித்துக்கூட மடத்து வாசலில் வந்து நிற்பார்களாம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்களாம். துறவிகள் மறுபடியும் ஏதாவது கொடுத்து அனுப்பி, மறுபடியும் எழுதி வாங்கிக்கொள்வார்களாம். பேராசை பிடித்தவர்கள் என்று சில பத்திரங்களில் திட்டியும் வைத்திருக்கிறார்கள்.

பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை. சம்மதம் என்று சொல்லும்போது அவர்கள் மனசார சொல்லியிருப்பார்கள். நானும் மனசாரத்தான் சொன்னேன். மேமுக்கு அது வேண்டும், கொடுத்தது சரிதான், இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

விமானம் கிளம்பி இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை. அந்த நோட்டுகள் எனக்கு வேண்டும்.